வலம்புரி தஸ்நேவிஸ்

தாழைமுனையில் சங்கு குளிக்கிறவர்களில் நிதானமான ஆள் என்று பெயரெடுத்த தஸ்நேவிஸ், இறந்துபோன நாலு வயது மகள் ஜெசிந்தாவின் ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் மூழ்கி, வழக்கத்தைவிட நேரம் கழித்து, இடது வலமாகவும் வலது இடமாகவும் மாறி மேலே வந்தான். வள்ளத்தில் அவனுக்குக் கயிறு பிடித்திருந்தவன் கஸ்பார், அவன் பெண்டாட்டி பிலோமியின் அண்ணன். எங்கள் ஊரில் மூழ்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான், தங்கச்சி தாலியறுக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் கவனமாக இழுப்பான் என்பதற்காக வைத்த வழக்கம் அது. கஸ்பார் அவனைத் தூக்கி வள்ளத்தில் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தான், இடது கன்னத்தில் உளுந்தளவு இருந்த மச்சம் வலது கன்னத்தில் இருந்தது, வலது முழங்கையில் கடலடிப் பார்ப்பாறை கிழித்த பழைய தழும்பு இடது முழங்கையில் இருந்தது.

"மாப்ள, ஒம்ம மச்சம் அந்தப் பக்கம் போயிட்டு," என்றான் கஸ்பார்.

"அப்படியா?" என்றான் தஸ்நேவிஸ், இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "கீழ சங்கு நல்லா கெடக்கு மச்சான். சோத்த எடும்."

வள்ளத்திலிருந்த ஆறு பேரும் சோறு தின்றார்கள். அவன் இடது கையால் பிசைந்து தின்பதைப் பார்த்து ஒருவன் முகம் சுளித்தான், பிறகு அவனும் தின்றான்.

இதைச் சொல்கிற நான் ரொசாரி, கரையிலிருக்கிற கொட்டகையில் சங்கு அளக்கிறவன். ஒரு பித்தளைத் தகட்டில் வட்டமாக ஒரு துளை இருக்கிறது. வந்து இறங்குகிற ஒவ்வொரு சங்கையும் அந்தத் துளையில் விட்டுப் பார்ப்பேன், சிக்கி நின்றால் அது வியாபாரிக்கு, நழுவி விழுந்துவிட்டால் அது இன்னும் வளரவேண்டிய பிள்ளை, அன்றைக்கே உயிரோடு கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். எடுத்த இடத்திலே என்பது முக்கியம், பக்கத்தில் போட்டுவிட்டு வந்தால் பிழைக்காது என்பது எங்கள் நம்பிக்கை, அதனால் எந்த வள்ளம் எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்டுக்கொண்டு என் சின்ன வத்தைத் தோணியில் சாயங்காலம் சாயங்காலம் போய் விட்டுவிட்டு வருவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் செய்கிறேன், கல்யாணம் பண்ணவில்லை, துளையில் சிக்குகிற மாதிரி ஒருத்தியும் அகப்படவில்லையாக்கும் என்று ஊரில் கிண்டல் பண்ணுவார்கள், நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சங்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோயில் பூசையில் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்த்துச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். கடலடியில் அது பழுப்புத் தோலைப் போர்த்துக்கொண்டு, ஒற்றைக் காலால் மணலை உழுதுகொண்டு, புழுவின் வளையைத் தேடி மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சித் தின்கிற வேட்டைக்காரன். தின்னப்படுகிற புழு துடிக்காது, மரத்துப்போய்ப் பேசாமல் கிடக்கும் என்று மூழ்குகிறவர்கள் சொல்வார்கள். இந்த வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றிய ஓட்டுக்குள்தான் பிறக்கிறார்கள், அதற்கு இடம்புரி என்று பெயர். லட்சத்தில் ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பிறந்துவிடும், அதுதான் வலம்புரி, அது ஒரு வள்ளத்தில் கிடைத்தால் அந்த ஊரே குளித்துத் தலைசீவிக்கொண்டு போய்ப் பார்க்கும். ஆகவே தஸ்நேவிஸ் மாறி வந்தான் என்று கேள்விப்பட்டபோது எங்களில் யாருக்கும் இது என்ன கூத்து என்று தோன்றவில்லை, வலம்புரி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. அங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம்.

பிலோமிக்கு மட்டும் அன்று சாயங்காலமே வேறொன்று தெரிந்துவிட்டது. பிள்ளையை அடக்கம் பண்ணிய அந்த ஏழு நாளும் அவளும் அவனும் ஒரே பாயில் கிடந்து மாறி மாறி அழுதார்கள், ஒருத்தர் ஓய்ந்தால் மற்றவர் ஆரம்பிப்பார், அவர் ஓய்ந்தால் இவர், அப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான், கால் கழுவினான், கொடியில் ஜெசிந்தாவின் மஞ்சள் கவுன் தொங்கியது, ஏழு நாளாக இருவருமே அதைத் தொடாமல் இருந்தார்கள்; அவன் அதை எடுத்து, நாலாக மடித்து, "இது காஞ்சிட்டு பிலோமி, உள்ள வையி," என்று கொடுத்துவிட்டுச் சோறு கேட்டான். அவள் அவன் நெஞ்சின் இடது பக்கம் காதை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வலது பக்கம் வைத்துப் பார்த்தாள், அங்கே நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கொட்டகைக்கு வந்து என் எதிரே நின்றாள்.

"ரொசாரியண்ணே, வந்திருக்கது எங்க வீட்டு ஆளு இல்ல," என்றாள்.

"உடம்பு அவன் உடம்புதானம்மா."

"உடம்பு யாருக்கு வேணும்? ஜெசிந்தாவ நெனச்சி அழ நான் ஒருத்தி பத்தாது அண்ணே. அவிய எனக்குத் திரும்ப வேணும்."

நான் சங்கை அளந்துகொண்டே, கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் சரியாகும் என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது, அவளுக்கும் அது தெரியும், முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

சங்கு வியாபாரி பரமசிவம் தகவல் தெரிந்து டவுனிலிருந்து காரில் வந்தார். உண்மையான வலம்புரியா என்று பார்க்க அவருக்கு ஒரு சோதனை உண்டு, அரிசிக் குவியலில் புதைத்துவைத்தால் மெய்யான வலம்புரி தானாக மேலே ஏறி வந்துவிடுமாம். பங்கு மண்டபத்தில் பன்னிரண்டு மூட்டை அரிசியைக் கொட்டி, தஸ்நேவிஸை நடுவில் உட்காரவைத்துக் கழுத்துவரை மூடி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் பகல் சாப்பாட்டுக்குப் போனோம், திரும்பி வந்து பார்த்தால் அவன் குவியலின் உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பரமசிவம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "கால் மரத்துப்போச்சி, அதான் எழும்பி உக்காந்தேன்," என்று தஸ்நேவிஸ் சொன்னது அவர் காதில் விழவில்லை, எங்கள் காதில் விழுந்தது, ஆனாலும் விழாத மாதிரி இருந்துகொண்டோம்.

அதற்கப்புறம் ஊர் அவனுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்ட விதத்தைச் சொல்லி மாளாது. டெய்லர் அவனுக்குப் பொத்தானை எதிர்ப்பக்கம் வைத்துச் சட்டை தைத்தார், அப்புறம் எல்லோரும் அப்படியே கேட்டார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரையை எதிர்ப்பக்கமாகக் கலக்க ஆரம்பித்தார், ருசி கூடியிருக்கிறது என்று நாங்களும் சொன்னோம். வள்ளங்கள் கிளம்பும்போது அவன் கரையில் நின்று இடது கையை உயர்த்தாமல் ஒரு வள்ளமும் நகரவில்லை. இடது கையால் சிலுவை போடலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டோம், அவர் மூன்று நாள் யோசித்துவிட்டு, அவனைப் பொறுத்தவரை அது வலது கைதானே என்றார். அந்த வருஷத் திருவிழாவில் மாதாவின் சப்பரம், எங்கள் தாத்தன் காலத்திலிருந்து கீழத்தெரு வழியாகப் போய் மேலத்தெரு வழியாக வருகிற சப்பரம், மேலத்தெரு வழியாகப் போய்க் கீழத்தெரு வழியாக வந்தது, அவன் முன்னால் நடந்தான், பெண்கள் அவன் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். கடலும் அந்த மாதங்களில் வாரிக்கொடுத்தது, ஒரு கயிறும் அறவில்லை, மூழ்கிய ஒருவனும் சீக்குப்படவில்லை. அது அவனால்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் அவனால் இல்லை என்று சொல்லிப் பார்க்க எவனுக்கும் தைரியம் இல்லை.

அவன் இதற்கெல்லாம் சந்தோஷப்பட்டானா என்றால் இல்லை, வருத்தப்பட்டானா என்றால் அதுவும் இல்லை. கூப்பிட்டால் வருவான், நில் என்றால் நிற்பான், கையைத் தூக்கு என்றால் தூக்குவான். பேப்பரைக் கண்ணாடியில் காட்டி எழுத்துக்கூட்டி வாசிப்பான், விபத்துச் செய்தியையும் கிரிக்கெட் செய்தியையும் ஒரே குரலில் வாசிப்பான். கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் பிலோமி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், ஜெசிந்தாவின் குழிமேல் போட்டிருந்த சிப்பிகளில் ஒன்று புரண்டு கிடந்ததைப் பார்த்து, குனிந்து அதை நேராக வைத்துவிட்டு, "போலாமா?" என்று கேட்டானாம்.

பிலோமியும் அதன் பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினாள் என்றுகூடச் சொல்லக்கூடாது, வரவில்லை. ஒத்தையாக அழ வரமாட்டேன் என்கிறது அண்ணே என்று என்னிடம் சொன்னாள், ஏதோ தையல் மெஷின் ரிப்பேராகிவிட்டது என்று சொல்கிற குரலில். காலையில் எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், மீன் அறுத்தாள், விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள், ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தாள். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு சத்தமும் கேட்காது, ஆள் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். நான் அவ்வளவுதான் ஆள்.

இதற்கிடையே தஸ்நேவிஸ் மெலிந்துகொண்டே வந்தான். சாப்பிடாமல் இல்லை, ஊர் முழுக்க அவனுக்குப் பொரித்தும் அவித்தும் கொண்டுவந்து கொடுத்தது, அவனும் போட்டதையெல்லாம் தின்றான், ஆனால் பாயாசத்தையும் ரசத்தையும் ஒரே மாதிரி விழுங்கினான், இனிப்பா புளிப்பா என்று கேட்டால் ஈரமாக இருக்கிறது என்றான், தின்றது ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் இதயத்தோடு பிறக்கிறவர்கள் உண்டு, பிறந்து முப்பத்தொரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்கிறவர்களைப் பற்றி நான் படிக்கவில்லை என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரையும் ஒட்டவில்லை.

ஐந்தாம் மாதம் கஸ்பார் மூழ்கி ஒரு நிஜமான வலம்புரியைக் கொண்டுவந்தான், உயிரோடு, இரண்டு கை நிறைய. பரமசிவத்துக்கு ஓடுதான் வேண்டும், உள்ளே இருக்கிற சதையை வழக்கம்போல எடுத்து எறியப் போனார்கள், பிலோமி எங்கிருந்தோ ஓடிவந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது, மாறிப் பிறந்ததை மாறி வந்தவன் தின்று பார்க்கட்டுமே என்று தோன்றியது என்று பிறகு சொன்னாள். அரிந்து, மஞ்சளும் மிளகும் போட்டு வதக்கி, மத்தியானச் சோற்றோடு வைத்தாள்.

முதல் வாயில் அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"உப்பு கூடிப்போச்சி பிலோமி," என்றான்.

ஐந்து மாதத்தில் அவன் ஒரு சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு துண்டை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அதை அவன் விழுங்கினான், விழுங்கியதும் அவன் கண் கொடியைத் தேடியது, வெறும் கொடியை, பிறகு கதவுக்குப் பின்னால், பிறகு பாயின் கீழ்ப்பக்கம், ஜெசிந்தா தூங்குகிற இடத்தை. உதடு ஒரு பக்கமாகக் கோணியது, கண்ணில் தண்ணீர் கட்டியது. அந்த இடத்தில் அவன் தட்டைத் தள்ளிவிட்டான். எழுந்து போய்த் தின்ற வாயைக் கொப்பளித்துத் துப்பினான், மறுபடி மறுபடி கொப்பளித்தான், திரும்பி வரும்போது முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது. "இனி இதைச் சமைக்காத," என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு பிலோமிக்கு இரண்டு விஷயம் விளங்கிவிட்டது. மாறினது மட்டும்தான் அவன் உடம்பில் சேரும், லட்சத்தில் ஒன்றை நம்பி ஒருத்தன் எத்தனை நாள் உயிரோடு இருப்பான், ஆகவே அவன் திரும்பவும் மாறாவிட்டால் செத்துப்போவான் என்பது ஒன்று. அழுகை எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறான் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் தன்னை அதிகமாகச் சுட்டது என்று என்னிடம் சொன்னாள்.

ஊர்க் கமிட்டியிடம் போனாள். அவனை மூழ்கின இடத்துக்கே கொண்டுபோய் மறுபடி இறக்க வேண்டும், வள்ளம் வேண்டும், கயிறு பிடிக்க அண்ணன் வேண்டும் என்று கேட்டாள். கமிட்டித் தலைவர் லூக்காஸ், மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், நல்ல மனுஷன்தான், தாடையைத் தடவிக்கொண்டார்.

"கெடச்ச வலம்புரிய எவனாவது கடல்ல போடுவானா பிள்ள?" என்றார்.

"அவிய சங்கு இல்ல மாமா."

"ஊருக்கு நல்லது நடந்துக்கிட்டிருக்கு. உனக்கு ஒருத்திக்காக..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பங்குச் சாமியார் ஜன்னலைப் பார்த்தார். கஸ்பார் தலையைக் குனிந்தபடி, "நான் கயிறு புடிக்க மாட்டேன் பிலோமி, இந்த ஒடம்போட அவரு மூழ்கினா மேல வரமாட்டாரு, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அங்கே பேசிய எல்லோரிடமும் ஒவ்வொரு நியாயம் இருந்தது. நானும் அங்கே இருந்தேன், நான் ஒன்றும் பேசவில்லை.

ஏழாம் மாதம் ஒரு நாள், வள்ளமெல்லாம் வந்து சங்கு இறங்கி, கொட்டகை நிறைய ஆட்கள் நிற்கிற மூன்று மணிக்கு, பிலோமி தஸ்நேவிஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் முன்னால் நிறுத்தினாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, என் பித்தளைத் தகட்டின் துளைக்குள் விட்டாள்; விரல் போயிற்று, உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டு போயிற்று, முழங்கைவரை தடையில்லாமல் போய் நின்றது. ஒரு சங்கு பிடிக்கிற துளையில் ஒரு ஆணின் கை அப்படிப் போவதைக் கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"விழுதா அண்ணே?" என்று கேட்டாள்.

நான் அடுத்த சங்கை எடுக்கப் போனேன்.

"சொல்லுங்க. விழுந்தா என்ன செய்யணும்? இருவத்தாறு வருசமா நீங்கதான செய்தீய?"

"எடுத்த எடத்துல விடணும்," என்றேன்.

"என்னைக்கு?"

"அன்னைக்கே."

லூக்காஸ் வாயைத் திறந்தார், ஆனால் அந்தத் தகட்டை மீறி எங்கள் கரையில் யாரும் பேசியதில்லை, அதைப் பேசினால் நாளைக்குக் கொட்டகை நடக்காது, அவர் வாயை மூடிக்கொண்டார். தஸ்நேவிஸ் கையைத் துளையிலேயே வைத்தபடி எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாதமாக இல்லாத வெட்கம் அன்றைக்கு வந்தது. தகட்டைச் சுவரில் மாட்டிவிட்டு என் வத்தையைத் தள்ளினேன்.

வத்தையில் நாங்கள் மூன்று பேர், மூழ்குகிற கல், கயிறு. எங்கள் பக்கத்தில் பெண்கள் சங்கு குளிக்கிற இடத்துக்கு வருவதில்லை, அன்றைக்கு அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது, தண்ணீர் அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது. இடத்தை எனக்குத் தெரியும், கோயில் கோபுரமும் விளக்குக் கம்பமும் ஒரே கோட்டில் வருகிற இடம், அங்கே போய்த் துடுப்பை நிறுத்தினேன்.

பிலோமி அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் நாலு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"பயம்னா எப்படி இருக்கும்னு மறந்துபோச்சி," என்றான் அவன்.

"கீழ என்ன இருக்குன்னு தெரியும்ல?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "தெரியும்."

"தெரிஞ்சிதான் நானும் கூப்பிடுதேன். என்னைய மன்னிச்சிருங்க."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம், படிக்கத் தெரியாதவன் கடிதத்தைப் பார்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கூப்பிட்டா வரணும்ல," என்றான். கல்லில் காலை வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

எங்கள் ஊரில் மூழ்குகிறவனின் நேரத்தை மணி பார்த்துக் கணிப்பதில்லை, மேலே இருக்கிறவன் 'அருள் நிறைந்த மரியே' சொல்வான், ஆறாவது முடியும்போது கீழேயிருந்து கயிறு அசையும், அசையாவிட்டாலும் ஏழாவதில் இழுத்துவிட வேண்டும். நான் சொல்ல ஆரம்பித்தேன், கயிறு பிலோமியின் கையில் இருந்தது. அவன் மாறின அன்றைக்கு ஏழாவதில் இழுத்தும் வராமல் ஒன்பது சொல்லும்வரை கீழே இருந்தான் என்று கஸ்பார் சொல்லியிருந்தான். ஆறு முடிந்தது, கயிறு அசையவில்லை. ஏழு முடிந்தது.

"பிலோமி, இழு," என்றேன்.

"சொல்லுங்க அண்ணே, நிறுத்தாதீங்க."

எட்டு. அவள் கையைப் பார்த்தேன், அதில் நடுக்கம் இல்லை, கயிறு அதில் கிடந்தது அவ்வளவுதான், கயிறு அசைந்தாலும் அந்தக் கைக்குத் தெரியுமா என்று எனக்குப் பயம் வந்தது. ஒன்பது. எட்டுப் பாகத்துக்குக் கீழே அவன் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தான், மணலில் எதையோ சுற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தான், பிறகு நகரவில்லை. பத்தாவதை நான் பாதியில் விட்டுவிட்டேன், வார்த்தை மறந்துவிட்டது, பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற ஜெபம். "அம்மா, செத்துப்போவான், இழு," என்று கத்தினேன். அவள், "பாதியில மேல வந்தா அவிய பாதியிலயே நின்னுருவாவ," என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன இடத்திலிருந்து அந்தப் பத்தாவதை அவளே சொல்லி முடித்தாள், பதினொன்றாவதையும் ஆரம்பித்தாள், 'இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்' என்ற இடத்தில் கயிறு ஒருதரம் வெடுக்கென்று இழுத்தது.

இரண்டு பேரும் இழுத்தோம். கயிறு இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டு வந்தது, இறங்கினபோது இருந்த கனம் இல்லை அது. தலை தண்ணீரைப் பிளந்தது, அவன் வலது கையால் வத்தையின் விளிம்பைப் பிடித்தான், மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வத்தைக்குள் உருண்டு விழுந்து, ஒரு குடம் தண்ணீரைக் கக்கி, மூச்சு வாங்கினான். மூன்றாவது மூச்சு மூச்சாக வரவில்லை. அது ஒரு கதறலாக வந்தது. ஜெசிந்தா, ஜெசிந்தா என்று அவன் வத்தையின் பலகையில் தலையை முட்டிக்கொண்டு கத்தினான், அன்று காலையில்தான் பிள்ளை போனது மாதிரி, ஏழு மாதத்தை ஒரே வாயில் கத்தினான், கரையில் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டிருக்கிறது, லூக்காஸ் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாராம். நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷம் எத்தனையோ ஆயிரம் உயிரை அந்தத் தண்ணீரில் திருப்பி விட்டிருக்கிறேன், ஒன்றுகூட இப்படிக் கத்தியதில்லை.

பிலோமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் காய்ந்துதான் இருந்தது. கயிறு இன்னும் அவள் கையிலேயே இருந்தது, விரல்களை எப்படித் திறப்பது என்று தெரியாதவள் போல அதைப் பிடித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். அவள் கன்ன எலும்பை, அறுபட்டு ஆறிப்போன விரலை, எண்ணெய் காணாத தலையை, ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எத்தன நாளாச்சி பிலோமி?"

"ஏழு மாசம்."

அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "இத்தன நாளும் நீ ஒத்தையிலயா இருந்த?" என்று கேட்டான்.

"ஆமா," என்றாள் பிலோமி, அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.